சிறு படத்தில் இருந்த உயிர் பெரிய கித்தானில் ஏன் வரவில்லை?

பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நிலக்காட்சி ஓவியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் ஊதியமில்லா விடுப்பாக ஓராண்டு பெற்று, அந்த ஆண்டு முழுவதையும் எண்ணெய் வண்ண ஓவியத்துக்கே கொடுத்தவர். வாரத்தில் பல நாள் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், ஏரியும் அதன் பின்னால் ஒரு குன்றும் தெரியும் ஒரே கரையில் அமர்ந்து 20 செ.மீ.க்கு 25 செ.மீ. அளவுள்ள பலகைகளில் சிறு படங்கள் தீட்டுவது, பிற்பகலில் தன் அறைக்குத் திரும்பி அவற்றில் தேர்ந்த ஒன்றைப் பெரிய கித்தானில் (கேன்வாஸில்) வரைவது என்று ஓர் ஒழுங்கை அவர் கடைப்பிடித்திருக்கிறார். ஆண்டு முடியும் தறுவாயில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு படங்களும் பதினைந்து பெரிய ஓவியங்களும் அவர் கைவசம் இருக்கின்றன. சிறு படங்களின் முன் நிற்பவர்கள் நெடுநேரம் நிற்கிறார்கள். பெரியவற்றின் முன் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வேறுபாடு அவருக்கே தெரிகிறது, காரணம் மட்டும் பிடிபடவில்லை.

அவர் கேட்பவை பல. பெரிய ஓவியங்களில் மூன்றோ நான்கோ தவிர மற்றவை தோற்றுவிட்டன என்று அவரே தீர்ப்பெழுதிவிட்டதால், ஆண்டே வீணாகிவிட்டதா என்பது முதல் கேள்வி. ஒரே கரையைத் திரும்பத் திரும்பத் தீட்டியது கற்பனை வறட்சியா, வெளியில் தொடங்கியதை அறைக்குள் முடிப்பது நேர்மைக் குறைவா என்ற ஐயங்களும் உண்டு. வெளியே போக முடியாத மழை நாட்களில் இணையத்தில் கண்ட ஒருவரின் புகைப்படத்தை வைத்து ஓர் ஓவியம் தீட்டி விற்றிருக்கிறார்; முப்பது விழுக்காடு மாற்றினால் சட்டச் சிக்கல் இல்லை என்று நண்பர் சொன்னது சரியா என்கிறார். இன்னோர் ஓவியத்தை வாங்கியவர் அதை நாட்காட்டியில் அச்சிடப் போவதாகத் தெரிவித்திருக்கிறார். விற்றுவிட்ட பிறகு தனக்கு அதில் பேச்சு இல்லை என்று நம் வாசகர் நினைக்கிறார். தோற்ற படங்களை எரித்துவிடலாமா, எட்டு மாதத்தில் பெரிய ஏரி ஓவியங்கள் மட்டும் கொண்ட தனிக் கண்காட்சிக்கு ஒரு கலைக்கூடம் அழைப்பதை ஏற்கலாமா, விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்பலாமா என்பவை மற்றக் கேள்விகள். மாலையில் அடிக்கடி தலைவலி வருவதாகவும் ஓரிடத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியையும் நான் விட்டுவிடப் போவதில்லை.

அன்புள்ள ஓவியருக்கு,

கடிதத்துடன் நீங்கள் அனுப்பியிருந்த நிழற்படங்களைப் பல நாள் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஓவியம் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையிலும், பலருடைய படத்தொகுப்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்பவன் என்ற முறையிலும் எனக்குத் தோன்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கண்ணும் கையும் நன்றாகவே வேலை செய்கின்றன. சிறு பலகையிலிருந்து பெரிய கித்தானுக்குக் கடந்து வரும் அந்த இடைவெளியில்தான் படங்கள் தடுக்கி விழுகின்றன. அந்தக் கடப்பு ஒரு தனி வேலை. அதற்கென்று ஒரு முறையோ நேரமோ நீங்கள் இதுவரை ஒதுக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. காலையில் தீட்டியது பிற்பகலிலேயே கித்தானுக்குப் போய்விடுகிறது.

ஆண்டை எதைக் கொண்டு அளப்பது?

பதினைந்தில் நான்கு தேறியது என்ற கணக்கில் நீங்கள் நூற்றுக்கு மேற்பட்ட களப்படங்களைச் சேர்க்கவே இல்லை. அவற்றைப் பெரிய படத்துக்கான மூலப்பொருளாக மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னர் இறந்தபின் அவர் கையிருப்பிலிருந்து பிரிட்டிஷ் அரசுக்கு வந்து சேர்ந்த தொகுப்பில் ஏறத்தாழ 300 எண்ணெய் ஓவியங்களும், சுமார் 30,000 ஸ்கெட்ச்களும் நீர்வண்ணப் படங்களும் இருக்கின்றன. புகழும் வருவாயும் வாய்த்த ஓர் ஓவியரிடம்கூட முடித்த ஓவியம் ஒன்றுக்கு இத்தனை மடங்கு தேடல் பின்னால் நின்றது என்பதை உங்கள் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

எனவே முடிவு எதையும் எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். களப்படங்கள் அனைத்தையும் தரையில் கால வரிசைப்படி பரப்புங்கள். நல்லது, கெட்டது என்று பிரித்து அடுக்க வேண்டாம். பின்புறத்தில் தேதி எழுதும் வழக்கம் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். நினைவைக் கொண்டும், பலகையின் வகையைக் கொண்டும், ஏரியின் நீர்மட்டத்தைக் கொண்டும் முடிந்தவரை வரிசைப்படுத்துங்கள். இனிமேலாவது தேதி, மணி, காற்றின் திசை, வானத்தின் நிலை ஆகிய நான்கையும் ஒவ்வொரு பலகையின் பின்னாலும் எழுதிவிடுங்கள். டர்னர் காலத்து இன்னோர் ஆங்கில நிலக்காட்சி ஓவியரான கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ஸ்டெட்டில் தீட்டிய மேகப் படங்கள் பலவற்றின் பின்புறத்தில் இப்படித்தான் நாளும் நேரமும் காற்றும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் குறிப்பினால்தான் ஒவ்வொரு மேகமும் அவருக்குப் பின்னாளில் பயன்படக்கூடிய அறிவாயிற்று.

நீங்கள் அனுப்பிய நிழற்படங்களை ஆண்டுத் தொடக்கம், நடு, இறுதி என்று பிரித்துப் பார்த்ததில் என் கண்ணில் பட்டது இது. தொடக்கத்துப் படங்களில் மரம் மரமாகவும் பாறை பாறையாகவும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. பச்சை மட்டுமே ஐந்தாறு வகை. இறுதிப் படங்களில் வண்ணங்கள் குறைந்துவிட்டன, குன்றின் விளிம்பு வானத்தில் கரைகிறது, தொடுவானம் மேலே ஏறி நீர்ப்பரப்பு படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. பொருள்களைத் தீட்டிக்கொண்டிருந்தவர் அவற்றின் நடுவே நிற்கும் ஒளியைத் தீட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். இந்த மாற்றம் உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை, படங்களில் இருக்கிறது. ஓராண்டு உழைப்பு ஓர் ஓவியருக்குத் தரக்கூடியவற்றுள் இதைவிடப் பெரிதாக எதையும் நான் எதிர்பார்க்க மாட்டேன்.

ஒரே கரை என்ற குற்ற உணர்வையும் இந்த இடத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம். இடம் மாறாமல் இருந்ததால்தான் மாறியது எது என்று பார்க்க முடிகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 1891 ஆண்டுகளில் வைக்கோற்போர்களை மட்டும் ஏறத்தாழ 25 கித்தான்களில் தீட்டினார். 1891 மே மாதம் அவற்றில் 15 படங்கள் ஒன்றாகக் காட்சிக்கு வந்தன. இன்னொரு பிரெஞ்சு ஓவியரான செசான் தம் இறுதி ஆண்டான 1906இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஆற்றங்கரையில் ஓரிடத்தை விட்டு நகராமல் சற்று வலப்பக்கமும் சற்று இடப்பக்கமும் திரும்பினாலே மாதக்கணக்கில் வேலை இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். உங்கள் கரையை நீங்கள் தீர்த்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. எப்போதும் கிழக்கு நோக்கியே அமர்ந்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் கவனித்தேன். மாலை வெயிலில் அதே குன்று எப்படி நிற்கிறது என்று ஒரு படம்கூட இல்லை.

பலகையிலிருந்து கித்தானுக்கு

உங்கள் கேள்விகளில் என் மனம் அதிகம் நின்றது இதில்தான். பெரிய படம் உயிரிழப்பதற்கு நீங்கள் காட்டும் காரணம், அறைக்குள் உணர்ச்சி வற்றிவிடுகிறது என்பது. நான் அதை ஏற்கவில்லை. உங்கள் வேலைமுறையிலேயே நான்கு காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நான்கும் கைக்கு அகப்படக்கூடியவை.

முதலாவது, வெறும் கணக்கு. 20க்கு 25 செ.மீ. பலகையை 100க்கு 125 செ.மீ. கித்தானாக்கும்போது பக்கம் ஐந்து மடங்கு பெருகுகிறது, பரப்போ இருபத்தைந்து மடங்கு பெருகுகிறது. பலகையில் இரண்டு செ.மீ. அகலத் தூரிகையால் ஒரே இழுப்பில் குன்றின் ஒரு முகத்தை வைத்தீர்கள். அதே தூரிகையைக் கித்தானிலும் எடுத்தால் அந்த முகத்தை நிரப்ப இருபத்தைந்து இழுப்புகள் தேவைப்படும். ஒரு முடிவாக இருந்தது இருபத்தைந்து தயக்கங்களாகிவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஏதாவது காரணம் வேண்டியிருப்பதால் கை தானாகவே விவரங்களைத் தேடிப் போகும். பெரிய படங்களில் பாறை இடுக்குகளும் புல் நுனிகளும் வந்து குவிந்தது இதனால்தான். பத்து செ.மீ. அகலத் தட்டைத் தூரிகையோ அகலமான கத்தியோ எடுத்து, நின்றுகொண்டு, தோளிலிருந்து கையை வீசித் தீட்டிப் பாருங்கள். சிறிய தூரிகைகளை முதல் சில அமர்வுகளுக்கு அறையிலேயே வைத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, நேரம். வெளியில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் நிழல்கள் இடம் மாறிவிடும் என்ற நெருக்கடியே உங்களைத் தேர்ந்தெடுக்க வைத்தது. களத்தில் தீட்டும் படத்துக்கு மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம், சூரியன் உதிக்கும் அல்லது மறையும் காட்சியானால் அரை மணி நேரம் என்று பிரெஞ்சு ஓவியரும் ஆசிரியருமான வலென்சியேன் 1800ஆம் ஆண்டிலேயே மாணவர்களுக்கு வரையறுத்தார். அறையில் அந்த நெருக்கடி இல்லை. களத்தில் விட்டுவிட்டு வந்ததையெல்லாம் நீங்கள் அங்கே ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்திருக்கிறீர்கள். விட்டதுதான் அந்தச் சிறு படத்தின் வலிமை.

மூன்றாவது, வெயில். உங்கள் நிழற்படம் ஒன்றில் ஸ்டாண்டின் மேல் நேர் வெயில் விழுகிறது. வெயில்பட்ட பலகையில் எந்தக் கலவையும் கூசும் அளவுக்கு வெளிச்சமாகத் தெரியும். கை அதை ஈடுகட்டக் கருமையாகக் கலக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்ததும் படம் இருண்டு தெரியும். பிறகு பெரிய கித்தானில் அந்த இருளைத் திருத்துவதாக எண்ணி எல்லா இடங்களையும் வெளுக்க வைக்கிறீர்கள். அப்போது நீருக்கும் குன்றுக்கும் நடுவே பலகையில் சரியாக அமைந்திருந்த உறவு உடைந்துவிடுகிறது. பலகையும் வண்ணத்தட்டும் இரண்டுமே நிழலில் இருக்கும்படி குடையோ துணியோ வையுங்கள். அறையிலும் கித்தான்மீது விழும் வெளிச்சமும் வண்ணத்தட்டின்மீது விழும் வெளிச்சமும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

நான்காவது காரணத்தை நீங்கள் உதவி என்று நினைத்திருக்கிறீர்கள். பெரிய படம் தீட்டும்போது களப்படத்தை ஒரு பக்கமும், அதே இடத்தில் கைபேசியில் எடுத்த புகைப்படத்தை மறுபக்கமும் வைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். வெயில் அடிக்கும் நிலக்காட்சியில் மிக ஒளிர்ந்த இடத்துக்கும் ஆழ்ந்த நிழலுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கைத் தாண்டக்கூடும். நம் வெள்ளை வண்ணத்துக்கும் கறுப்புக்கும் நடுவே இருப்பதோ சில பத்து மடங்குதான். ஆகவே எந்த நிலக்காட்சி ஓவியமும் இயற்கையின் இருள்-வெளிச்ச அளவை, நாம் டோன் என்று சொல்வதை, சுருக்கித்தான் சொல்ல முடியும். உங்கள் கண் ஒரு வகையாகச் சுருக்கியது, கைபேசி வேறு வகையாகச் சுருக்கியது. கேமராவில் நிழல்கள் அடைபட்டுக் கறுத்துவிடும் அல்லது வானம் வெளுத்துவிடும். பெரும்பாலான கைபேசிகளின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டதாகையால் தொலைவில் உள்ள குன்று நீங்கள் உணர்ந்ததைவிடச் சிறுத்துப் பின்வாங்கும். இரண்டு கணக்குகளையும் ஒரே கித்தானில் கலக்கும்போது படம் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. மரத்தின் கிளை எந்தப் பக்கம் பிரிகிறது என்பது போன்ற தகவலுக்குப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு மூடி வையுங்கள். வண்ணத்துக்கும் டோனுக்கும் அதை நாடாதீர்கள்.

இனி, இடையில் செய்ய வேண்டிய வேலை. கான்ஸ்டபிளின் பெரிய ஓவியங்கள் சிலவற்றுக்கு அதே அளவில் முழு எண்ணெய் ஸ்கெட்ச் ஒன்றும் இருக்கிறது. 1821இல் காட்சிக்கு வந்த தி ஹே வெய்ன் 185 செ.மீ. அகலமுள்ள ஓவியம், அதற்காக அதே பேரளவில் அவர் முரட்டுத்தனமாகத் தீட்டிய ஸ்கெட்ச் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறியதைப் பெரிதாக்குவது எளிதன்று என்று அறிந்த ஒருவர், அந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே இத்தனை பெரிய கித்தானைச் செலவிட்டிருக்கிறார். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. களப்படம் தீட்டியபின் குறைந்தது ஒரு வாரம் அதைச் சுவரில் மாட்டி வையுங்கள். பிறகு கறுப்பு, சாம்பல், வெள்ளை என்ற மூன்றே அளவுகளில், தீப்பெட்டி அளவில், அதன் அமைப்பைப் பல விதமாக வரைந்து பாருங்கள். அடுத்து, இரண்டு மடங்கு அளவுள்ள தாளில் களப்படத்தைப் பார்க்காமல், நினைவிலிருந்து ஒருமுறை தீட்டுங்கள். நினைவில் தங்கியதுதான் பெரிய ஓவியத்தின் பொருள். 'நீரைவிடக் குன்று வெளிறித் தெரிந்த நேரம்' என்பது போல அதை ஒரே வரியில் எழுதிக் கித்தானின் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். தீட்டும்போது ஏதாவது ஒன்றைச் சேர்க்கக் கை நீண்டால், அது அந்த வரிக்கு உதவுகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

அறைக்குள் முடிப்பது ஏமாற்று என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அதை விட்டுவிடுங்கள். மடக்கி மூடக்கூடிய உலோக வண்ணக் குழாயை ஜான் ராண்ட் 1841இல் காப்புரிமை செய்யும் வரை எண்ணெய் வண்ணத்தை வெளியே சுமந்து செல்வதே பெரும்பாடு. வெளியில் தீட்டுவதையே கொள்கையாகக் கொண்டவராக அறியப்படும் மோனேகூட, ரூவான் தேவாலய ஓவியங்களை 1892, 1893 ஆண்டுகளில் அந்த நகரில் தொடங்கி, ஷிவெர்னியில் தம் ஸ்டூடியோவில் நெடுநாள் உழைத்து முடித்து, 1894 என்று தேதியிட்டார்.

புகைப்படமும் உரிமையும்

முப்பது விழுக்காடு மாற்றினால் போதும் என்பது பல நாடுகளில் பரவியிருக்கும் ஒரு தவறான நம்பிக்கை. நானறிந்த எந்தப் பதிப்புரிமைச் சட்டமும் அப்படி ஓர் அளவுகோல் வைக்கவில்லை. பதிப்புரிமைக்காக 1886இல் உருவான பெர்ன் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் புகைப்படமும் படைப்பாகக் காக்கப்படுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, எடுத்தவருக்கு உரிமை தானாகவே உண்டு. குன்றும் ஏரியும் யாருக்கும் சொந்தமல்ல. ஆனால் அந்த நேரத்தை, கோணத்தை, சட்டகத்தைத் தேர்ந்தது அவருடைய படைப்பு. அதை அடையாளம் தெரியும்படி ஓவியமாக்கினால் அது தழுவலாகக் கருதப்படலாம். உங்கள் ஓவியம் அந்தப் புகைப்படத்தின் அமைப்பையே பின்பற்றியிருப்பது எனக்குத் தெரிந்தது. எடுத்தவரைத் தேடி, நடந்ததை மறைக்காமல் எழுதி, எழுத்தில் அனுமதி கேளுங்கள்; தொகை கேட்டால் பேசித் தீருங்கள். அதுவரை அந்த ஓவியத்தின் படத்தை எங்கும் வெளியிடவோ அதன் அச்சுப்படிகளை விற்கவோ வேண்டாம்.

நாட்காட்டி விஷயத்தில் நீங்கள் நினைத்திருப்பதற்கு நேர்மாறானதுதான் பொதுவான சட்டநிலை. கித்தானை வாங்கியவருக்கு அந்தப் பொருள் சொந்தமாகிறது. அதைப் படியெடுத்து அச்சிடும் உரிமை, எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை, பெரும்பாலான நாடுகளில் ஓவியரிடமே இருக்கும். ஒருவர் முன்கூட்டியே சொல்லித் தீட்டச் செய்த ஓவியங்களுக்குச் சில நாடுகளில் விதி வேறாக இருக்கலாம். அதை மட்டும் உங்கள் நாட்டு வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாங்கியவர் உங்களிடம் தெரிவித்திருப்பதே அவருடைய நல்லெண்ணத்தைக் காட்டுகிறது. எத்தனை படிகள், எந்த ஆண்டுக்கு, எவ்வளவு தொகை, உங்கள் பெயர் எங்கே இடம்பெறும் என்ற நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும்.

எரிக்க நினைக்கும் படங்கள்

1908இல் ஒரு கண்காட்சிக்குச் சற்று முன் மோனே தம் அல்லிக்குள ஓவியங்களில் குறைந்தது பதினைந்தை அழித்தார் என்பதை நீங்களே கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்போது அவர் அரை நூற்றாண்டு தீட்டியவர். எது தமக்குத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்களோ படங்களை முடித்துச் சில மாதங்களே ஆன நிலையில், மனம் சோர்ந்திருக்கும்போது முடிவு செய்கிறீர்கள். ஓராண்டாவது அவை சுவரைப் பார்த்து நிற்கட்டும். மேலே நான் சொன்ன நான்கு காரணங்களுக்கும் சான்று அந்தத் தோற்ற படங்களில்தான் இருக்கிறது. அவை இல்லாவிட்டால் எதைத் திருத்துகிறோம் என்றே தெரியாது.

எரிப்பதில் உடலுக்கும் ஆபத்து உண்டு. காட்மியம் கலந்த மஞ்சளும் சிவப்பும் நீங்கள் பயன்படுத்துபவை. தீயில் அவற்றிலிருந்து எழும் புகை நச்சுத்தன்மை கொண்டது. என்றாவது அழித்தே தீர வேண்டும் என்றால் கித்தானைச் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்து, உங்கள் பகுதியில் அபாயக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் முறைப்படி ஒப்படையுங்கள். பழைய படத்தின்மேலேயே புதியதைத் தீட்டிச் சிக்கனம் செய்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காலப்போக்கில் எண்ணெய் வண்ணம் சற்றே ஒளி ஊடுருவுவதாக மாறி, அடியில் உள்ள படம் மேலே தெரியத் தொடங்கும்.

தலைவலி

அறையின் ஜன்னலை மழைக்காகச் சாத்திவிட்டு, திறந்த பாத்திரத்தில் வண்ணத்தைக் கரைக்கும் டர்பெண்டைனை வைத்துக்கொண்டு நான்கைந்து மணி நேரம் தீட்டுகிறீர்கள் என்று உங்கள் விவரிப்பிலிருந்து புரிகிறது. இதை ஓவியரின் வாழ்க்கையில் இயல்பான ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கரைப்பான்களின் ஆவி தலைவலியையும் கிறுகிறுப்பையும் உண்டாக்கும். மணமற்றது என்று விற்கப்படும் கரைப்பானும் ஆவியாகத்தான் செய்கிறது. மணம் தெரியாததால் எச்சரிக்கை குறைந்துவிடுகிறது. பாத்திரத்துக்கு மூடி, எதிரெதிரே இரண்டு திறப்புகள், தூரிகையை முதலில் எண்ணெயிலும் பிறகு சோப்பிலும் கழுவும் பழக்கம் ஆகிய மூன்றையும் இன்றே தொடங்குங்கள். தலைவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் மருத்துவரைப் பாருங்கள். பயன்படுத்தும் பொருள்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள்.

இதனோடு இன்னொன்று. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்து வைப்பதாக உங்கள் அறையின் நிழற்படம் காட்டுகிறது. அந்த எண்ணெய் காற்றில் உலரும்போது வெப்பத்தை வெளியிடும். குவியலுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் துணி தானாகவே தீப்பற்றக்கூடும். இக்கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அவற்றை வெளியே தனித்தனியே விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

வேலையும் கண்காட்சியும்

வேலைக்குத் திரும்பினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். வருவாய்க்கான முடிவையும் படங்களைப் பற்றிய தீர்ப்பையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டதால் வந்த வருத்தம் அது. கான்ஸ்டபிள் தம் நிலக்காட்சிகள் போதிய அளவு விற்காத ஆண்டுகளில் வருவாய்க்காக உருவப்படங்கள் தீட்டினார். லண்டனின் கலைஞர் அமைப்பான ராயல் அகாடமி அவரை முழு உறுப்பினராகத் தேர்ந்தபோது அவருக்கு வயது 52. சேமிப்பு இன்னும் நான்கைந்து மாதத்துக்குத்தான் வரும் என்று நீங்களே சொல்லும் நிலையில், அடுத்த மாத வாடகையை எண்ணியபடி தீட்டத் தொடங்கினால் விற்ற படத்தையே மீண்டும் மீண்டும் தீட்ட வேண்டியிருக்கும். உங்கள் ஒளி இப்போதுதான் மாறத் தொடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் அப்படி ஒரு கட்டாயம் வருவதை நான் விரும்பவில்லை. திரும்பிச் செல்லுங்கள் என்பதே என் கருத்து. முடிந்தால் பகுதிநேரமாகக் கேளுங்கள். முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு விடியற்காலைகளையாவது எதற்கும் விட்டுக்கொடுக்காமல் கரைக்கு ஒதுக்குங்கள். விடுப்புக் காலத்தில் ஓவியம் விற்று ஈட்டிய வருவாயை உங்கள் பணி விதிகள் அனுமதிக்கின்றனவா என்பதையும் திரும்புவதற்கு முன் படித்துப் பார்த்துவிடுங்கள்.

கலைக்கூடத்தின் அழைப்பை அப்படியே ஏற்க வேண்டாம். தடித்துத் தீட்டிய எண்ணெய்ப் படத்துக்கு வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருப்பது வழக்கம். எட்டு மாதத்தில் புதிதாகத் தீட்டுபவற்றுள் பெரும்பாலானவை உலர்ந்தும் உலராத நிலையில்தான் சுவரேறும். அதைவிட முக்கியமானது, பெரிய ஓவியத்துக்கான முறையை நீங்கள் இனிமேல்தான் பழக வேண்டும். பழகும் காலத்தையே காட்சிக்குரிய கெடுவாக்குவது இரண்டையும் கெடுக்கும். மாற்றாக ஒன்றை முன்மொழியுங்கள். தேறிய நான்கு பெரிய ஓவியங்கள், அவற்றுடன் கால வரிசையில் அறுபது எழுபது களப்படங்கள். ஓராண்டில் ஒரு கரையில் ஒளி எப்படியெல்லாம் இருந்தது என்று காட்டும் கண்காட்சியாக அது அமையும். அதற்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே உங்கள் அறையில் இருக்கிறது.

அவர்கள் இசைந்தால், விற்பனையில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு, சட்டமிடும் செலவு யாருடையது, கொண்டுசெல்லும் வழியிலும் சுவரிலும் சேதமானால் காப்பீடு யாருடையது, விற்ற எத்தனை நாளில் பணம் வரும், விற்காதவை எந்தத் தேதிக்குள் திரும்பும், வேறிடத்தில் நீங்கள் விற்கத் தடை உண்டா என்பவை எழுத்தில் வர வேண்டும். பெரிய ஏரிப் படங்கள்தான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றால் நன்றி சொல்லி விலகிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் வரைவு கைக்கு வந்ததும், கையெழுத்திடுவதற்கு முன் எனக்கு ஒரு படி அனுப்பினால், படித்துவிட்டு என் கருத்தை எழுதுகிறேன்.